ராவ் ஏன் விழவில்லை, வாஜ்பாய் ஏன் விழுந்தார்?

மூன்று கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் உள்ளே இருப்பது ஒன்றுதான். 1991-இல் பாதிக்கும் குறைவான எம்.பி.க்களை வைத்துக்கொண்டு நரசிம்ம ராவ் ஐந்து ஆண்டையும் ஓட்டிவிட்டார். பெரிய கூட்டணியே கட்டியிருந்த வாஜ்பாய் 1999-இல் பதின்மூன்றே மாதத்தில் விழுந்தார். எதிர்க்கட்சிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஓட்டுப் போட்டிருந்தால் ராவ் ஒரே நாளில் வீட்டுக்குப் போயிருப்பாரே, அது ஏன் நடக்கவில்லை, பணம் கொடுத்துச் சரிக்கட்டினார் என்பதுதான் முழுக் காரணமா, 2024-இல் அமைந்த அரசையும் அப்படிக் கவிழ்க்க முடியுமா என்கிறீர்கள். அதாவது, பெரும்பான்மை இல்லாத ஓர் அரசைத் தாங்கிப் பிடிப்பது எது என்பதுதான் உங்கள் கேள்வி. கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்திய காலத்தில் இந்தச் சந்தேகம் எழாத வகுப்பு அனேகமாக இருந்ததில்லை. நான் வழக்கறிஞன் இல்லை. அதனால் தீர்ப்புகள் வரும் இடத்தில் முடிவை மட்டும் சொல்கிறேன், சட்ட நுணுக்கத்துக்குள் போகவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கூட்டணி அரசு வேறு, சிறுபான்மை அரசு வேறு. எந்தக் கட்சிக்கும் தனியாகப் பாதி இடம் கிடைக்காமல், சில கட்சிகள் சேர்ந்து பாதியைத் தாண்டி ஆட்சி அமைத்தால் அது பெரும்பான்மை அரசுதான். ஆட்சியில் பங்குபெறும் கட்சிகளைக் கூட்டிப் பார்த்தும் பாதி வராமல், வெளியே நிற்கும் யாரோ ஒருவர் தயவில் ஓடினால்தான் அது சிறுபான்மை அரசு. இந்தக் கணக்குப்படி வாஜ்பாயின் 1998 அரசும் சிறுபான்மை அரசுதான். பாஜகவுக்கு 182 இடம். கூட்டணிக்குள் இருந்த எல்லோரையும் எண்ணினாலும், மக்களவையின் 543 இடத்தில் பாதியைத் தாண்டத் தேவையான 272 தேறவில்லை. தெலுங்கு தேசத்தின் பன்னிரண்டு பேர் வெளியிலிருந்து கை கொடுத்ததால்தான் 1998 மார்ச் 28 அன்று 274-க்கு 261 என்று நம்பிக்கை வாக்கெடுப்பில் கரையேறினார். ஆக, நீங்கள் ஒப்பிடும் இரண்டு அரசுகளும் ஒரே ரகம். ஒன்று நின்றது, ஒன்று விழுந்தது. ஒப்பீடு இதனால் இன்னும் சுவாரசியமாகிறது.

அடுத்து விதி. 272 என்ற எண் அரசியல் சட்டத்தில் எங்கும் கிடையாது. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பானது என்று 75-ஆவது பிரிவு சொல்கிறது. அவையில் ஒரு விஷயம் எப்படி முடிவாகும் என்பதை 100-ஆவது பிரிவு சொல்கிறது: அவைக்கு வந்திருந்து வாக்களிப்போரில் எந்தப் பக்கம் அதிகமோ அதுதான் முடிவு. வராதவர், வந்தும் வாக்களிக்காதவர் கணக்கிலேயே சேரமாட்டார்கள். இரண்டு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் சபாநாயகர் ஓட்டுப் போடலாம். நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர மக்களவை விதிகளின்படி ஐம்பது பேர் எழுந்து நின்றால் போதும், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். கொண்டுவருவது எளிது, ஜெயிப்பது வேறு கதை. உங்களுக்கு 240 பேர், எதிரே 300 பேர் என்று வையுங்கள். அந்த 300 பேரில் நூறு பேர் 'நான் எந்தப் பக்கமும் இல்லை' என்று ஒதுங்கினால் 240-க்கு 200, அரசு பிழைத்தது. அந்த நூறு பேர் அரசை ஆதரிக்கவில்லை, புகழவில்லை, மேடைக்கு மேடை திட்டிக்கொண்டும் இருக்கலாம். ஆனாலும் அரசு ஓடும்.

1991-இல் நடந்தது கிட்டத்தட்ட இதேதான். அந்தத் தேர்தலில் காங்கிரஸுக்கு 232 இடம், பாஜகவுக்கு 120, ஜனதா தளத்துக்கு 59, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 35. அதிமுகவின் பதினோரு பேர் காங்கிரஸ் அணியில் இருந்தார்கள். ராவ் ஜூன் 21 அன்று பதவியேற்றார். ஜூலை நடுவில் வந்த முதல் நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு 240 பேரை ஒட்டி ஆதரவு, எதிராக 110 பேரை ஒட்டி, ஒதுங்கியவர்கள் நூற்றுக்கும் மேல். எதிர்த்து ஓட்டுப் போட்டது பெரும்பாலும் பாஜக பக்கம். ஜனதா தளம் தலைமையிலான தேசிய முன்னணியும் இடதுசாரிகளும் ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்கள் ராவுக்கு நண்பர்கள் இல்லை. அந்த மாதமே ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. தங்கம் அடகுக்கு லண்டனுக்குப் போனது. ஜூலை 24 அன்று மன்மோகன் சிங்கின் பட்ஜெட் வந்தது. இதில் எதையும் இடதுசாரிகளால் ஜீரணிக்க முடியவில்லை. பிறகு ஏன் ஒதுங்கினார்கள்?

இரண்டு காரணங்களை உறுதியாகச் சொல்லலாம். ஒன்று, யாருக்கும் தேர்தல் வேண்டாம். 1989 நவம்பரில் ஒரு தேர்தல், 1991 மே, ஜூனில் இன்னொன்று, நடுவில் ராஜீவ் காந்தி படுகொலை. மூன்றாவது தேர்தலுக்குப் போக எந்தக் கட்சியிடமும் காசும் இல்லை, தெம்பும் இல்லை. புதிதாக ஜெயித்து வந்த எம்.பி. யாரும் மூன்று மாதத்தில் திரும்பவும் ஓட்டுக் கேட்டுப் போக விரும்பமாட்டார். இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. அந்த எதிர்க்கட்சி வரிசை ஒரே அணி கிடையாது. ஒரு பக்கம் மண்டல் (பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு) அரசியல், இன்னொரு பக்கம் பாஜகவின் அயோத்தி ராமர் கோயில் அரசியல். ஜனதா தளமும் இடதுசாரிகளும் பாஜகவோடு சேர்ந்து ஓட்டுப் போட்டால் தங்கள் வாக்காளர்களுக்குப் பதில் சொல்ல முடியாது. 1989-இல் வி.பி. சிங் அரசை இந்த இரண்டு பக்கமும் சேர்ந்துதான் வெளியிலிருந்து தாங்கின, அத்வானியின் ரத யாத்திரையில் அது உடைந்தது. சூடுபட்ட நினைவு இன்னும் ஆறவில்லை. காங்கிரஸ் போனால் அடுத்து யார் என்ற கேள்விக்கு அவர்களிடம் ஒரே பதில் இல்லாததால், காங்கிரஸ் இருந்துவிட்டுப் போகட்டும் என்று இரண்டு தரப்பும் தனித்தனியாக முடிவெடுத்தன.

இதற்குச் சான்று கேட்டால் ராவ் மீது வந்த மூன்று நம்பிக்கையில்லாத் தீர்மானங்களை வரிசையாகப் பாருங்கள். 1992 ஜூலையில் முதலாவது, பாஜகவின் ஜஸ்வந்த் சிங் கொண்டுவந்தார். ராவ் 46 ஓட்டில் தப்பித்தார். அந்த டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்ட பின் வாஜ்பாய் ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்கு ஆதரவு 111, எதிர்ப்பு 336. மசூதியைக் காப்பாற்றத் தவறினார் என்று ராவைக் கடுமையாகச் சாடிய இடதுசாரிகளே அன்று அவர் அரசைக் காப்பாற்றினார்கள். தீர்மானம் பாஜகவிடமிருந்து வந்ததுதான் காரணம். ஏழு மாதம் கழித்து, 1993 ஜூலையில், மார்க்சிஸ்ட் கட்சியின் அஜய் முகோபாத்யாய் மூன்றாவது தீர்மானத்தைக் கொண்டுவந்தார். இப்போது பாஜக அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது. இரண்டு எதிரிப் படைகளும் இப்படி ஒரே பக்கம் நின்றன. முடிவு 251-க்கு 265. பதினான்கு ஓட்டு வித்தியாசம். எதிரிகள் சேர்ந்த அந்த நாளில்தான் ராவுக்கு நிஜமாகவே மூச்சு முட்டியது.

நீங்கள் கேட்ட பணம் அந்த நாளில்தான் வருகிறது. கூட்டல் கழித்தல் செய்து பாருங்கள். ஏழு பேர் மாறி ஓட்டுப் போட்டிருந்தால் 258-க்கு 258. எட்டுப் பேர் மாறியிருந்தால் அரசு போயிருக்கும். ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சாவின் நான்கு எம்.பி.க்களும், ஜனதா தளத்திலிருந்து பிரிந்த அஜித் சிங் அணியில் சிலரும் பணம் வாங்கிக்கொண்டு அரசுக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று வழக்கு வந்தது. 1998-இல் உச்ச நீதிமன்றம் 3-க்கு 2 என்ற பெரும்பான்மையில், அவையில் போட்ட ஓட்டுக்காக எம்.பி.யை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது, 105-ஆவது பிரிவு பாதுகாப்புத் தருகிறது என்று சொன்னது. அதாவது வாங்கி ஓட்டுப் போட்டவருக்குப் பாதுகாப்பு, கொடுத்தவருக்கு இல்லை. கேட்டால் யாருக்கும் சிரிப்புதான் வரும். அந்தத் தீர்ப்பை 2024 மார்ச்சில் ஏழு நீதிபதிகள் அமர்வு ஒரே குரலில் தூக்கி எறிந்தது. ராவைப் பொறுத்தவரை 2000-இல் விசாரணை நீதிமன்றம் குற்றவாளி என்றது, 2002-இல் டெல்லி உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. இதுவரைதான் ஆவணம். ராவுக்கு எவ்வளவு தெரியும், யார் சொல்லி யார் செய்தார்கள் என்பதில் ஆளுக்கொரு கதை உண்டு. எதையும் அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது.

பணம் 1993 ஜூலையில் ஒரு நாளை விளக்கலாம் என்பது என் கணிப்பு. மற்ற இரண்டு வருடத்தை அது விளக்காது. 46 ஓட்டு வித்தியாசத்தையும், 225 ஓட்டு வித்தியாசத்தையும் பணத்தால் உண்டாக்க வேண்டிய தேவையே இல்லை. எதிராளிகளின் பகையே அந்த வேலையைச் செய்துவிட்டது. 1993 டிசம்பரில் அஜித் சிங் அணியினர் பத்துப் பேர் காங்கிரஸிலேயே சேர்ந்தார்கள். அதற்கு முன்பே பஞ்சாபில் தள்ளிப்போன தேர்தல் 1992 பிப்ரவரியில் நடந்து, பதின்மூன்றில் பன்னிரண்டு இடம் காங்கிரஸுக்கு வந்திருந்தது. இப்படிச் சேர்த்துச் சேர்த்து 1993 கடைசியில் ராவ் பெரும்பான்மை அரசே ஆகிவிட்டார். அப்போதைய கட்சித்தாவல் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் பதவி போகாது என்று ஒரு சந்து இருந்ததையும் மறக்கக் கூடாது. அந்தச் சந்து 2003-இல் 91-ஆவது திருத்தத்தால் அடைபட்டது. அதன் பிறகு விளையாட்டு மாறியது. 2019 ஜூலையில் கர்நாடகத்தில் ஆளுங்கூட்டணி எம்.எல்.ஏ.க்கள் பலர் கட்சி மாறாமல் ராஜினாமாவே செய்தார்கள். முதல்வர் குமாரசாமி 99-க்கு 105 என்று தோற்றார். வாக்களிப்போரில் பெரும்பான்மை என்ற அதே விதியை இந்த முறை மறுபக்கத்திலிருந்து பயன்படுத்தினார்கள்.

ராவ் அரசைப் பற்றி இன்னொன்று. வெளியே இருந்த எதிர்ப்பைவிட உள்ளே இருந்த எதிர்ப்புதான் கொள்கையை அதிகம் வளைத்தது. 1991 பட்ஜெட்டில் உர விலையை 40 சதவீதம் ஏற்றினார்கள். கத்தியது காங்கிரஸ் எம்.பி.க்களே. சில வாரத்தில் அதை 30 சதவீதமாகக் குறைத்து, சிறு விவசாயிகளுக்கு விலக்கும் கொடுத்தார்கள். சிறுபான்மை அரசில் சொந்தக் கட்சிக்காரரின் ஒவ்வொரு ஓட்டுக்கும் விலை கூடிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

சரி, இனி வெளி ஆதரவு. ராவுக்கு யாரும் கையெழுத்துப் போட்டு ஆதரவு தரவில்லை, ஒதுங்கி மட்டும் நின்றார்கள். கடிதம் கொடுத்து ஆதரவு தரும் முறை வேறு, அதற்கு விலையும் வேறு. மத்தியில் இதன் முதல் பெரிய உதாரணத்தில் தமிழ்நாடு நேரடியாகச் சம்பந்தப்பட்டிருக்கிறது. 1969 நவம்பரில் காங்கிரஸ் பிளந்தபோது இந்திரா காந்தியிடம் மிஞ்சியவர்கள் சுமார் 220 பேர். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும், 25 எம்.பி.க்களை வைத்திருந்த திமுகவும் தாங்கின. ஆட்சி ஓடியது, ஆனால் அரசியல் சட்டத்தைத் திருத்துவதற்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வராது. 1970 செப்டம்பரில் மன்னர் மானிய ஒழிப்பு மசோதா மாநிலங்களவையில் ஒரே ஓட்டில் தவறியது. டிசம்பரில் அவரே அவையைக் கலைத்துத் தேர்தலுக்குப் போனார். திமுகவுக்குக் கிடைத்த பிரதிபலன் 1971-இல் தெரிந்தது. இந்திரா காங்கிரஸ் தமிழ்நாட்டில் சில மக்களவைத் தொகுதிகளோடு திருப்தியடைந்து, சட்டமன்றத்துக்கு ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. டெல்லியில் வாங்கிய கடனைச் சென்னையில் அடைத்தார்கள்.

இதே கடன் எதிர்த்திசையிலும் வசூலானது. 1990 நவம்பரில் சந்திரசேகர் ஜனதா தளத்தை உடைத்துக்கொண்டு அறுபதுக்குக் கொஞ்சம் கூடக்குறைய எம்.பி.க்களோடு பிரதமரானார். அவரைத் தாங்கியது காங்கிரஸின் 197 பேர். முன்னால் வண்டி ஓட்டுபவர் ஒருவர், பிரேக்கில் கால் வைத்திருப்பவர் இன்னொருவர். 1991 ஜனவரி 30 அன்று தமிழ்நாட்டில் திமுக அரசு கலைக்கப்பட்டது. ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தரவில்லை. 356-ஆவது பிரிவில் ஆளுநர் அறிக்கை இல்லாமலும் செய்யலாம் என்று ஒரு வாசகம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு செய்தார்கள். சட்டம் ஒழுங்கு, புலிகள் நடமாட்டம் என்று காரணம் சொல்லப்பட்டது. அதிமுகவும் காங்கிரஸும் கலைக்கச் சொல்லி நெருக்கியது ஊரறிந்தது. காரணத்துக்கு எவ்வளவு பங்கு, நெருக்கடிக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் காங்கிரஸ் தயவில்லாத ஒரு பிரதமர் அதைச் செய்திருப்பாரா என்பது நியாயமான சந்தேகம். அந்த விசுவாசமும் அவரைக் காப்பாற்றவில்லை. ராஜீவ் வீட்டை ஹரியானா போலீஸ்காரர் இருவர் நோட்டம் விட்டார்கள் என்ற புகாரில் காங்கிரஸ் முறுக்கிக்கொள்ள, மார்ச் 6 அன்று அவர் ராஜினாமா செய்தார். அன்னியச் செலாவணி வறண்டு கிடந்த அந்த வருடம், முழு பட்ஜெட்கூடப் போட முடியாமல் ஓர் அரசு போனது. 1979-இல் சரண் சிங்குக்கும் இதே கதிதான். இந்திராவை நம்பிப் பிரதமராகி, நாடாளுமன்றத்தையே சந்திக்காமல் ராஜினாமா செய்தார்.

1996-க்குப் பிறகு காங்கிரஸின் வெளி ஆதரவில் ஆண்ட ஐக்கிய முன்னணி இந்தப் பாடத்தை இரண்டு முறை படித்தது. 1997 மார்ச் கடைசியில் காங்கிரஸ் தலைவர் சீதாராம் கேசரி ஆதரவை வாபஸ் வாங்கினார், பிரதமர் தேவ கவுடா ஏப்ரல் 11 அன்று தோற்றார். பத்தே நாளில் அதே முன்னணியின் குஜ்ரால், அதே காங்கிரஸ் ஆதரவோடு பிரதமரானார். கொள்கை எதுவும் மாறவில்லை, ஆள் மட்டும் மாறினார். நவம்பரில், ராஜீவ் கொலையை விசாரித்த ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கையைக் காட்டி, திமுக அமைச்சர்களை நீக்கு என்றது காங்கிரஸ். குஜ்ரால் மறுத்தார், அரசு போனது. 2004-இல் அதே காங்கிரஸ் அதே திமுகவோடு கூட்டணி வைத்து டெல்லியைப் பிடித்தது. அந்தக் கோபம் எவ்வளவு ஆழமானது என்பதை வாசகரே முடிவு செய்துகொள்ளலாம்.

இப்போது 1999. ராவுக்கு எதிரிகளின் பகை துணை நின்றது என்றேன். வாஜ்பாய்க்கு அதுவே வீட்டுக்குள் இருந்தது. 18 எம்.பி.க்களை வைத்திருந்த அதிமுகவுக்கு டெல்லியில் வேண்டியது என்ன? சென்னையில் இருந்த திமுக ஆட்சியைக் கலைக்க வேண்டும் என்பது ஆரம்பம் முதலே இருந்த கோரிக்கை. ஜெயலலிதா மீதான வழக்குகள் விஷயத்திலும் எதிர்பார்ப்பு இருந்தது என்று பரவலாக எழுதப்பட்டது. வாஜ்பாய் கலைக்க மறுத்தார். வெளிப்படையாகச் சொன்ன காரணம் வேறு. கடற்படைத் தளபதி விஷ்ணு பாகவத் 1998 டிசம்பரில் பதவி நீக்கம் செய்யப்பட்டதை விசாரிக்க நாடாளுமன்றக் கூட்டுக்குழு வேண்டும், ஜார்ஜ் பெர்னாண்டஸைப் பாதுகாப்பு அமைச்சர் பதவியிலிருந்து எடுக்க வேண்டும் என்றார்கள். 1999 மார்ச் கடைசியில் சுப்பிரமணியன் சுவாமி கொடுத்த தேநீர் விருந்தில் சோனியாவும் ஜெயலலிதாவும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ஏப்ரல் 14 அன்று அதிமுக வாபஸ். 17-ஆம் தேதி வாக்கெடுப்பு: 269-க்கு 270.

அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று இன்னமும் பட்டிமன்றம் நடக்கிறது. ஒடிசா முதல்வராகிவிட்ட கிரிதர் கமாங் எம்.பி. பதவியை விடாமல் வந்து எதிர்த்து ஓட்டுப் போட்டார் என்பார்கள். தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸ் கட்சிக் கட்டளையை மீறினார் என்பார்கள். என் பார்வையில் அதிகம் கவனிக்க வேண்டியவர்கள் பகுஜன் சமாஜின் ஐந்து பேர். அவர்கள் ஒதுங்குவார்கள் என்று ஆளுங்கட்சி நம்பியிருந்தது, மாயாவதி கடைசியில் எதிர்த்துப் போடவைத்தார். ஒதுங்கியிருந்தால் 269-க்கு 265, அரசு நின்றிருக்கும். ராவைக் காப்பாற்றிய அந்த ஒதுங்கல்தான் வாஜ்பாய்க்குக் கிடைக்காமல் போனது. ஒரு ஓட்டில் தோற்ற அரசுக்கு எதிரே நின்ற 270 பேரில் ஒவ்வொருவரும் அந்த ஒருவர்தான் என்பதால், கமாங்கை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அந்தக் கணக்கில் இன்னொரு பாதி பேசப்படுவதே இல்லை. அதிமுக விலகியதும், அதுவரை பாஜகவை எதிர்த்த திமுக, புதுச்சேரியையும் சேர்த்து ஆறு எம்.பி.க்களோடு வாஜ்பாய்க்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது. அதிமுக அணியில் ஜெயித்து வந்திருந்த பாமகவும் மதிமுகவும் வாஜ்பாயோடு தங்கிவிட்டன. திமுக மாறாமல் எதிர்த்தே போட்டிருந்தால் வித்தியாசம் ஒன்றில் நிற்காது, பதின்மூன்று. அதிமுக எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் திமுக என்பதுதான் அந்த நாளின் கணக்கு. கொள்கை விளக்கம் பிறகு வந்தது. ஆந்திராவில் தெலுங்கு தேசம் காங்கிரஸுக்கு எதிரி என்பதால் வாஜ்பாயை விட்டு நகரவில்லை. உத்தரப் பிரதேசத்தில் காங்கிரஸ் வளர்ந்தால் தனக்கு ஆபத்து என்று கருதிய முலாயம் சிங், பாஜகவை வீழ்த்த ஓட்டுப் போட்டுவிட்டு, சோனியா '272 பேர் இருக்கிறார்கள்' என்று சொன்ன பிறகு ஆதரவு தர மறுத்தார். கவிழ்க்க 270 பேர் இருந்தார்கள், அடுத்த அரசை அமைக்க அவ்வளவு பேர் இல்லை. அவை கலைந்தது, வாஜ்பாய் காபந்துப் பிரதமராகவே இருக்க, நடுவில் கார்கில் போரும் வந்து போனது. செப்டம்பர், அக்டோபர் தேர்தலில் திமுகவோடு சேர்ந்து திரும்பவும் வந்தார்.

உள்ளூர்ப் பகை அரசைக் கவிழ்க்கும் என்றால், டெல்லிக் கணக்கு உள்ளூர் அரசைக் காப்பாற்றவும் செய்யும். 2006-இல் தமிழ்நாட்டில் 234-இல் திமுகவுக்கு 96 தான். காங்கிரஸின் 34 பேர் வெளியிலிருந்து ஆதரவு. ஜெயலலிதா ஐந்து வருடமும் வாய்க்கு வாய் 'மைனாரிட்டி திமுக அரசு' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் அரசு ஒருமுறைகூட ஆடவில்லை. மன்மோகன் சிங் அரசு திமுகவின் 16 எம்.பி.க்களை நம்பியிருந்தது. இங்கே கை வைத்தால் அங்கே ஆடும். 2009-க்குள் பாமகவும் இடதுசாரிகளும் அணி மாறிய பிறகும் 96-உம் 34-உம் சேர்ந்து 130, தேவை 118. காங்கிரஸின் சத்தியமூர்த்தி பவனில் அமைச்சர் பதவி கேட்டு முனகல்கள் இருந்தன, கிடைக்கவில்லை, யாரும் எழுந்து போகவுமில்லை. இருவர் கையிலும் மற்றவரின் குடுமி இருக்கும்போது சிறுபான்மை அரசைப்போல உறுதியான அரசு கிடையாது.

இதெல்லாம் நாட்டுக்கு நல்லதா என்று கேட்டால், நான் கையை விரித்துவிடுவேன். பொருளாதாரத்தின் திசையையே மாற்றிய பட்ஜெட் ஒரு சிறுபான்மை அரசிலிருந்துதான் வந்தது, ஆகவே பலவீனமான அரசால் ஒன்றும் முடியாது என்ற வாதம் நிற்காது. ஆனால் அதை வைத்துச் சிறுபான்மை அரசுதான் சிறந்தது என்றும் சொல்ல முடியாது. கஜானா காலியாகி வேறு வழி இல்லாததால் வந்த துணிச்சல் அது என்று வாதிடுபவர்களுக்கும் நியாயம் உண்டு. ஜெர்மனியில் உள்ளதுபோல, அடுத்த பிரதமர் யார் என்று பெயர் சொல்லித்தான் இருப்பவரை இறக்கலாம் என்று விதி வைத்தால் என்ன என்று அடிக்கடி கேட்கிறார்கள். அங்கே 1982-இல் ஆட்சித் தலைவர் ஷ்மிட்டை இறக்கிய அதே தீர்மானத்தில் கோல் தேர்வானார். ஸ்பெயினில் 2018-இல் ரஹோய் போய் சான்செஸ் வந்தார். அந்த விதி இங்கே இருந்திருந்தால் 1999 ஏப்ரலில் வாஜ்பாய் தப்பித்திருப்பார். ஆனால் பட்ஜெட்டை நிறைவேற்ற முடியாமல் ஓர் அரசு நாற்காலியில் மட்டும் உட்கார்ந்திருக்கும் நிலை வந்தால் அந்த விதியால் பயனில்லை. 1990 நவம்பரில் வி.பி. சிங் அப்படித்தான் இருந்திருப்பார்.

கடைசியாக 2024. பாஜகவுக்கு 240, கூட்டணிக்கு 293. ஆகவே இது கூட்டணிப் பெரும்பான்மை அரசு. தெலுங்கு தேசத்தின் 16-உம் ஐக்கிய ஜனதா தளத்தின் 12-உம் சேர்ந்து போனால் 265 ஆகும், அப்போதுதான் அது சிறுபான்மை அரசு. டிவியில் உடனே 272-க்கு ஏழு குறைகிறது என்று பலகை போடுவார்கள். அந்த ஏழைத் தேடுவதை நான் விட்டுவிடுவேன். தெலுங்கு தேசம் ஒரு பக்கம் போனால், ஆந்திராவில் அதன் பரம எதிரியான ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸின் நான்கு பேர் அன்று எந்தப் பக்கம் உட்காருகிறார்கள், யார் யார் அவைக்கே வராமல் இருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.